வார்ப்பறைக்கு மேல் ஒரு வீடு

டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டிய மறு வருஷம், பாளையங்கோட்டை அசனப் பண்டிகையில்தான் ஜேசுதாசன் டாக்டருக்கு விஷயம் பிடிபட்டது. பிடிபட்டது என்று நாம் மரியாதைக்குச் சொல்கிறோம். மூக்குக்கு முன்னால் மாதக்கணக்காய் நடந்துகொண்டிருந்த ஒன்றை, ஆட்டுக்கறித் துண்டு ஒன்று வந்து அவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அசனம் என்றால் சபையார் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. அறுப்பின் ஸ்தோத்திர ஆராதனை முடிந்ததும், காணிக்கையாய் வந்த அரிசியையும் ஆடுகளையும் கோயில் வளாகத்திலேயே சமைத்து, பந்தலுக்குக் கீழே பந்தி போட்டுப் பரிமாறுவார்கள். அன்றைக்கு ஒருவரும் பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரான ஜேசுதாசனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கறி வாளியைத் தூக்கினார். வாத்தியார்மார் பந்தியை முடித்துவிட்டு, சீயோன் அச்சுக்கூடத்து ஆட்கள் இருந்த வரிசைக்கு வந்தார்.

சீயோன் அச்சுக்கூடத்தில் வார்ப்பறை என்று ஒன்று உண்டு. ஈயத்தை உருக்கி அச்செழுத்து வார்க்கிற இடம். அங்கே வேலை பார்க்கிறவர்கள் அசனத்தில் கறிக்குப் பேர்போனவர்கள். நாளெல்லாம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று காய்ந்த வயிறு, வருஷத்துக்கு ஒரு நாள் வஞ்சம் தீர்த்துக்கொள்ளும். வாளிக்காரர்கள் அவர்கள் வரிசைக்கு வந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் அகப்பையைப் போடுவார்கள். இந்த வருஷம் டாக்டர் போன பொழுது, முதலில் போட்ட கறி இலையில் அப்படியே கிடந்தது. குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றி, பச்சைப்பிள்ளைக்குப் பிசைகிற மாதிரி பிசைந்து பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வே, கறி வேண்டாமா?" என்று ஒருவனைக் கேட்டார். அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான். முப்பது வயதுக்காரன். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. டாக்டர் அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். எல்லாம் கிழவன்மார் முகம். முக்கால்வாசிப் பேர் அவர் வயதுக்கும் கீழே. வரிசையின் நடுவில் அவருடைய தங்கை ஹெப்சிபாவின் புருஷன் ஞானசிகாமணி தலையைத் தூக்காமல் சோற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான். டாக்டர் வாளியைக் கீழே வைத்தார்.

இதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்திய கதையைச் சொன்னால்தான் இது விளங்கும்.

ஜேசுதாசன் மெட்ராஸ் பட்டணத்தில் படித்துவிட்டு வந்த புதிது. அச்சுக்கூடத்து ஆள் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். வாயைத் திறக்கச் சொன்னபோது, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மையால் இழுத்த மாதிரி ஒரு கருநீலக் கோடு ஓடியது. பட்டணத்து வாத்தியார் காட்டிக்கொடுத்த அதே கோடு. உருகின ஈயத்தின் புகையும் தூசியும் உடம்புக்குள் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். முதலில் கோடு. அப்புறம் வயிற்றுவலி. அதையும் கவனிக்காமல் விட்டால் கை விளங்காமல் போகும், புத்தி பேதலிக்கும், ஜன்னி கண்டு முடியும். ஆனால் கோடு முந்தி வந்துவிடுகிறது. திருடன் சுவரேறுமுன்னே நாய் குரைக்கிற மாதிரி, சரியான நேரத்தில் சொல்லிவிடுகிறது. கோடு தெரிந்ததும் ஆளை ஈயத்தைவிட்டு விலக்கி, நாலைந்து மாதம் வெளிவேலைக்குப் போட்டால், உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்.

ஜேசுதாசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே அச்சுக்கூடத்து மானேசர் சத்தியநேசனிடம் போனார். சத்தியநேசன் சபையில் மூப்பர். வெள்ளை வேட்டி, மூடின கோட்டு, மெட்ராசில் கட்டிக்கொண்டு வந்த பல்செட்டு, யாரையும் 'தம்பி' என்றே கூப்பிடுகிற வாய். மாதாமாதம் வந்து ஆட்களின் ஈறைப் பார்க்கிறேன் என்று டாக்டர் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். முதல் மாதம் மூன்று பேருக்குக் கோடு இருந்தது. டாக்டர் பேரை எழுதிக் கொடுத்தார். மறுநாளே மூன்று பேருக்கும், சரீர சுகத்தை முன்னிட்டு என்று சொல்லி, வேலை இல்லை என்று ஆகிவிட்டது. பொண்டாட்டி பிள்ளைகளோடு ராதாபுரத்துப் பக்கம் பனங்காட்டுக்கே, மறுபடியும் பனையேறத் திரும்பிப் போனார்கள்.

டாக்டர் ஓடிப்போய்க் கேட்டார். வேறே வேலைக்கு மாற்றுங்கள் என்றுதான் சொன்னேன், போகச் சொல்லவில்லையே என்றார். நோயாளியிடம் வேலை வாங்குவது கிறிஸ்தவனுக்கு அடுக்குமா என்று மானேசர் திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்விக்கு டாக்டருக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாவிட்டால் சும்மா இருந்திருக்கலாம். அவரோ வார்ப்பறைக்குள் போய் ஆட்களை உட்கார வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, பால் குடிக்க வேண்டும், ஈயம் எங்கே தெரியும் என்றால் பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் தெரியும் என்று கரும்பலகையில் ஒரு பல்லைப் படமாகவே போட்டுக் காட்டினார்.

அடுத்த மாதம் இரண்டு பேருக்குக் கோடு இருந்தது. அதற்கடுத்த மாதம் ஒருவருக்கு. அப்புறம் யாருக்கும் இல்லை. டாக்டர் பூரித்துப் போனார். மிஷன் மாநாட்டில் எழுந்து நின்று, வெறும் சோப்பும் பாலும் கொண்டு ஒரு நோயை வாசலோடு துரத்திவிட்டோம் என்று பேசினார். துரைமார் கைதட்டினார்கள். மாதாமாதம் வாய்க்குள் பார்த்த மனிதருக்கு, அங்கே கோடு இல்லை என்பதுதான் தெரிந்தது. பல் குறைந்துகொண்டே வருவது தெரியவில்லை. தேடுவதை மட்டுமே பார்க்கிற கண் படித்தவர்களுக்கு எப்படியோ வந்துவிடுகிறது.

அசனப் பந்தி முடிந்ததும் டாக்டர் மைத்துனனைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஞானசிகாமணி பொய் சொல்லத் தெரியாதவன். அவன் அப்பா கடைசிவரை உபதேசியாராய் இருந்து செத்தவர். கேட்டதும் சொல்லிவிட்டான். வார்ப்பறையில் மூத்தவர் சுவிசேஷமுத்து. அவருக்கு வெகுநாளாகவே பொக்கை வாய். எத்தனை வருஷம் ஈயத்தில் நின்றும் அவர் ஈறில் கோடே வந்ததில்லை. டாக்டரும் பல் இருக்கிற இடத்தில்தான் ஈயம் என்று படம் போட்டுக் காட்டிவிட்டார். அப்புறம் என்ன? சனிக்கிழமை சந்தையில் மேலப்பாளையம் காஜா முகைதீன் சாக்கை விரித்து உட்கார்ந்து பல் பிடுங்குவார். கோடு வரும்போல் தெரிந்தால் அந்தப் பல்லைப் பிடுங்கிவிடுவது. முகைதீன்கூட, நல்ல பல்லாயிற்றே, யோசனை பண்ணித்தான் கேட்கிறீர்களா என்று ஒவ்வொருத்தனையும் கேட்டிருக்கிறார்.

"நீங்கதான மச்சான் சொன்னிய, ஈயம் அங்கனதான் தங்குதுன்னு," என்றான் ஞானசிகாமணி. "தங்குத எடத்தையே எடுத்துப் போட்டோம். கோடும் போச்சு, சீக்கும் போச்சுல்லா."

"சீக்கு போகல மாப்ள. கோடு மட்டுந்தான் போயிருக்கு."

அவன் புரியாமல் பார்த்தான். வேலை போய்விடுமே என்று ஏமாற்றியிருந்தால் கோபித்துக்கொள்ளலாம். இவர்கள் ஏமாற்றவில்லை. நம்பி, வலி பொறுத்து, இரத்தம் துப்பி, நல்ல பல்லை எல்லாம் கொடுத்துவிட்டு, சுகமாகிவிட்டோம் என்று மறுபடியும் ஈயத்தில் போய் நின்றிருக்கிறார்கள். அடையாளத்தைச் சொல்லிக்கொடுத்தவர் இவர். அதையே நோய் என்று எடுத்துக்கொண்டார்கள் அவர்கள். குரைத்த நாயை அடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாய்த் தூங்குகிற வீடாகிவிட்டது வார்ப்பறை.

கோடு போனாலும் இரத்தம் இருக்கிறது என்று டாக்டருக்கு நினைவு வந்தது. ஈயம் சேர்ந்த உடம்பில் சிவப்பணுக்களுக்குள்ளே நுண்ணிய நீலப் புள்ளிகள் தெரியும் என்று பட்டணத்தில் படித்திருந்தார். மறுநாள் உச்சிவெயில் நேரத்தில் ஞானசிகாமணியை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார். விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, நீலச் சாயம் ஏற்றி, உருப்பெருக்கியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிவைத்துப் பார்த்தார். அணுவுக்கு அணு மிளகுப்பொடி தூவின மாதிரி புள்ளிகள். தம்முடைய விரலையும் குத்திப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. மறுபடியும் மைத்துனனின் இரத்தத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலமே ஹெப்சிபா வந்துவிட்டாள். மாசமாய் இருந்தாள். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் உயிரில்லாமல் பிறந்து, இரண்டையும் டாக்டரே துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். புருஷன் தினமும் சட்டையிலும் தலைமயிரிலும் வீட்டுக்குக் கொண்டுவருகிற தூசியைப் பற்றி அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றியது. தங்கை முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மானேசர்கிட்ட பேரு கொடுத்துராதிய அண்ணே," என்றாள். "அச்சுக்கூடத்து வீட்டுலதான் இருக்கோம். இந்த வயித்தோட நான் எங்கன போவேன்?"

என் வீட்டுக்கு வா என்றார் டாக்டர். அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரி கொடுத்த ஓர் அறையில், அம்மாவையும் வைத்துக்கொண்டு அண்ணன் எப்படி இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? அவளை அனுப்பிவிட்டு டாக்டர் உருப்பெருக்கியைத் துணி போட்டு மூடினார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். இரண்டில் எதைச் செய்தாலும் செய்தவர் ஜேசுதாசன் என்றுதான் ஆகும். இதற்குத்தானா பட்டணம் போய்ப் படித்தோம் என்று தம்மையே திட்டிக்கொண்டார்.

வார்ப்பறை ஆட்கள் எல்லாருடைய இரத்தத்தையும் ஒவ்வொருவராய் அழைத்துப் பார்த்தார். புள்ளி இல்லாதவன் ஒருவன்கூட இல்லை. அப்புறம் மானேசரிடம் போனார்.

மானேசரின் அறை வார்ப்பறைக்கு நேர்மேலே, மாடியில் இருந்தது. மரப்பலகைத் தரை. மேற்கே பெரிய ஜன்னல், காற்று அள்ளிக்கொண்டு போகும். டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். உலைக்கு மேலே புகைபோக்கி கட்டவேண்டும், ஆட்களைப் பாதிப்பாதியாய் வெளிவேலைக்கு மாற்றி மாற்றிப் போடவேண்டும் என்றார். மானேசர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, யார் யார் என்று பேரைச் சொல்லும் தம்பி என்றார்.

"பேரு சொல்லமாட்டேன் ஐயா. நோயாளியோட ரகசியம் டாக்டர் வாயில இருந்து வெளிய வரப்படாது. அது எங்க தொழிலுக்கு உள்ள சத்தியம்."

சென்ற முறை பேர் எழுதிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் இந்த முறை உஷாராகிவிட்டார் என்று நாம் மெச்சிக்கொள்ளலாம். அவரும் தம்மை மெச்சிக்கொண்டுதான் இருந்தார். மானேசர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பேரில்லாத நோய்க்குப் புகைபோக்கி கட்டச் சொன்னால் அச்சுக்கூடத்துக் கமிட்டியார் என்ன சொல்வார்கள்? சபைக்குப் புதுப் பாட்டுப் புஸ்தகம் கிறிஸ்துமசுக்குள் வந்தாக வேண்டும். இந்த நேரத்தில் இரத்தத்தில் புள்ளி, பூச்சி என்றால் நடக்குமா? நீர் தேடினால் என் இரத்தத்தில்கூடப் புள்ளி காட்டுவீர் என்று கேலியாய் விரலை நீட்டினார்.

டாக்டர் பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

மறுநாள் அந்தக் கண்ணாடித் துண்டை வெயிலுக்குப் பிடித்தபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. ஆட்களின் இரத்தத்தில் இருந்த அளவுக்கு இல்லை. ஆனால் இருந்தது. எத்தனையோ வருஷமாய்ப் பலகை இடுக்கு வழியாய் ஏறின புகை. மானேசர் மாதம் ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதும், டாக்டர் விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்புவதும் வழக்கம். அவர் ஈறைப் பார்க்க டாக்டருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை, அவருக்குத்தான் பல்லே கிடையாதே.

விஷயத்தைச் சொன்னதும் மானேசரின் முகம் வெளிறிவிட்டது. எழுந்து போய் ஜன்னலை விரியத் திறந்துவைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"இது ஒருத்தருக்கும் தெரியாண்டாம் தம்பி. நோயாளியோட ரகசியம், தொழில் சத்தியம்னு நீர்தான சொன்னீர்?"

டாக்டர் ஆமாம் என்றார். சந்தோஷமாய்த்தான் சொன்னார். மானேசரின் உடம்பிலேயே ஏறிவிட்ட நோய் இனி புகைபோக்கி கட்டாமல் விடுமா என்று நினைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குச் சீட்டியடித்துக்கொண்டே திரும்பினார்.

இரண்டு வாரத்தில் கொத்தனார்கள் வந்தார்கள். செங்கல் வந்தது, சுண்ணாம்பு வந்தது. டாக்டர் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாய்ச் சுற்றிப் போவார். புகைபோக்கி எழும்பவில்லை. காம்பவுண்டின் கிழக்கு மூலையில், வேப்பமரத்தடியில், வார்ப்பறைக்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் மானேசருக்கு ஒரு புது ஆபீஸ் எழும்பியது. முழங்கால் வலிக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று மானேசர் எல்லாரிடமும் சொன்னார். பாவம், அவரே அதை நம்பியும் விட்டார். ஆபீஸ் மாறின பிறகு வயிற்றுவலிகூட முழங்கால் வலியால் வந்ததாய் அவருக்குப் பட்டிருக்கும். அவர் கெட்டவர் அல்ல. தமக்கு வந்தது நோயில்லை என்று நிச்சயித்துக்கொண்ட நல்லவர். கெட்டவரோடு சண்டை போடலாம். இவரோடு என்ன செய்வது?

ஒரு காலையில் ஹெப்சிபா மூச்சு வாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். முகம் அப்படி மலர்ந்து டாக்டர் பார்த்து வருஷமாயிற்று. மானேசர் ஐயா தாம் இருந்த மாடியறையை அவர்களுக்கே குடியிருக்கக் கொடுத்துவிட்டாராம். நல்ல வேலைக்காரன், பிள்ளைத்தாய்ச்சி மனைவி, இந்தப் புழுக்கத்தில் எதற்குக் கஷ்டப்படவேண்டும் என்றாராம். எவ்வளவு காற்று, எவ்வளவு வெளிச்சம்! இந்தப் பிள்ளையாவது நல்லபடி பிழைத்துக்கொள்ளும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுவீட்டு ஜெபம். போதகர் ஐயர் வெளியூர் போயிருப்பதால் அண்ணன்தான் ஜெபிக்க வேண்டும்.

அந்த அறை வேண்டாம் என்றார் டாக்டர். ஏன் என்றாள். கீழே இருந்து புகை வரும் என்றார்.

"மானேசர் ஐயா இத்தன வருஷம் அங்கனயே இருந்தாவல்லா? அவியளுக்கு என்ன ஆச்சு?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்லக் கூடாது. அதற்கு மட்டும்தான் பதில் அவருக்குத் தெரியும். மருந்துக் குப்பிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். அண்ணனுக்குப் பொறாமை என்று நினைத்தாளோ என்னவோ, முகம் சுண்டிப்போய் ஹெப்சிபா திரும்பிப் போனாள்.

டாக்டர் மானேசரைத் தேடி வேப்பமரத்தடிக்குப் போனார். தெரிந்தே ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அங்கே குடிவைக்கலாமா என்று கேட்டார். மானேசருக்கு உண்மையாகவே மனம் நொந்தது. உம்முடைய தங்கையாயிற்றே என்றுதானே கொடுத்தேன், நல்ல அறையைப் பூட்டிப் போட்டால் கமிட்டியார் காரணம் கேட்கமாட்டார்களா என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, நீர் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறதல்லவா தம்பி என்று தோளில் தட்டிக்கொடுத்தார். தோளில் பட்ட கையைத் தட்டிவிடக்கூட டாக்டருக்குத் தெம்பில்லை. தொழில் சத்தியம் என்று தாமே கட்டின கூண்டு. உள்ளே நின்றுகொண்டு கம்பியை ஆட்டிப் பார்த்தார். நல்ல உறுதியாய்த்தான் கட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாடியறைக்கு வெள்ளையடித்து, ஹெப்சிபா புதுப் பாய்களை விரித்திருந்தாள். கிறிஸ்துமசுக்குள் வரவேண்டிய பாட்டுப் புஸ்தகத்துக்காக ஞாயிற்றுக்கிழமையும் உலையை அணைக்காமல் வைத்திருந்தார்கள். வார்ப்பறை ஆட்கள் முழுப்பேரும் வந்து வரிசையாய் உட்கார்ந்தார்கள். மானேசர் சட்டம் போட்ட ஒரு வேதவசனத்தைப் பரிசாய்க் கொண்டுவந்து, நாற்காலியில் அமர்ந்தார். கீர்த்தனை பாடினார்கள். பல்லில்லாத வாய்களிலிருந்து வார்த்தைகள் காற்றாய் வந்தன. பாட்டு முடிந்ததும் எல்லாரும் தலையைக் கவிழ்த்து கண்ணை மூடிக்கொண்டார்கள். டாக்டர் எழுந்து நின்றார்.

மனப்பாடமான ஜெபம் அவருக்கு எத்தனையோ தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே" என்று ஆரம்பித்தார். வீட்டைத் தந்ததற்கு ஸ்தோத்திரம் என்று அடுத்த வார்த்தை வரவேண்டும். வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். கண்மூடிய முகங்கள், கூப்பிய கைகள், தங்கையின் வயிறு. ஜெபம் நடக்கும்போது யாரும் கண்ணைத் திறக்கமாட்டார்கள். ஆமென் வரும்வரை யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். மானேசர் ஆனாலும் சரி, பிஷப் ஆனாலும் சரி. அவர் எந்த மனிதனிடமும் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம் செய்திருந்தார்?

"ஆண்டவரே," என்றார். "இந்தப் பலகைகளின் கீழே ஈயம் உருகுகிறதை நீர் காண்கிறீர். அதின் புகை இந்த இடுக்குகளின் வழியாய் ஏறி வருகிறதை நீர் அறிவீர். இதே அறையில் இருந்து வேலை பார்த்த உம்முடைய ஊழியக்காரன் சத்தியநேசனின் இரத்தத்திலே அதின் புள்ளிகளை அடியேன் கண்ணால் கண்டேன். அதற்குப் பயந்து அவர் இந்த இடத்தைவிட்டுப் போனார். அவருக்குச் சுகம் தாரும்."

நாற்காலி கிரீச்சிட்டது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

"கீழே வேலை செய்கிற உம்முடைய பிள்ளைகள் எல்லாருடைய இரத்தத்திலும் அதைக் கண்டேன். பல்லைப் பிடுங்கினால் நோய் போய்விடும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான். என்னை மன்னியும். என் தங்கை இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தாள். மூன்றாவதை இந்த அறைக்குக் கொடுக்காதபடி அவளுக்குக் கண்ணைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே."

ஆமென் வரவில்லை. கீழே உலையில் கரி வெடிக்கிற சத்தம் தெளிவாய்க் கேட்டது. மூப்பர் இருக்கிற இடத்தில் மூப்பர் முதலில் ஆமென் சொல்வதுதான் வழக்கம். சொன்னால் அத்தனையும் மெய் என்று ஆகும். சொல்லாவிட்டால் தம் சுகத்துக்காகச் செய்த ஜெபத்தையே தள்ளினதாகும். சத்தியநேசன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் டாக்டர் நின்ற கூண்டுக்குள் இப்போது அவரும் வந்து நின்றார்.

"ஆமென்," என்றாள் ஹெப்சிபா.

சத்தமாய்ச் சொன்னாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து, தான் விரித்த பாயைத் தானே சுருட்டத் தொடங்கினாள். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் அரண்டுபோய் எழுந்தார்கள். ஞானசிகாமணி மட்டும் எழவில்லை. அவன் மனைவியையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. கண்மூடி இருந்த மானேசரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போற?" என்றான்.

"கீழ."

"கீழயும் அதே ஈயந்தான, ஹெப்சிபா."

"அதுக்குத்தான் உங்களையும் கூப்புடுதேன்."

பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் படியின் தலைமாட்டில் போய் நின்றாள். போக இடம் எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அண்ணன் வீட்டு ஓர் அறையோ, பனங்காடோ, நாளைக்குச் சோறு எங்கே என்று யாரும் அங்கே சொல்ல முடியாது. தெரிந்தது ஒன்றுதான், ஈயத்துக்குப் பக்கத்தில் இனி இருக்கக் கூடாது என்பது. ஞானசிகாமணி அதை மென்று பார்க்கப் பார்த்தான், மெல்லப் பல்லில்லை. தரையில் கையூன்றி அவனும் எழுந்தான்.

"ஆமென்," என்றான்.

பின்னாலிருந்து சுவிசேஷமுத்து சொன்னார். அதற்குப் பின்னால் இன்னொருவன். வரிசை முழுக்க, காற்றாய், பல்லில் தட்டாமல் அந்தச் சொல் வந்து முடிந்தது. பிறகு ஒவ்வொருவராய்ப் படியிறங்கினார்கள். உலைக்குக் கரி போடுகிற நேரம் வந்துவிட்டது. ஒருவனும் வார்ப்பறைப் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் கடைசியாய் இறங்கினார். படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மானேசர் அதே நாற்காலியில், கை கூப்பினபடி, கண்ணைத் திறக்காமல் இருந்தார். அவருக்கு ஜெபம் இன்னும் முடியவில்லை.